தகடூர்ப் போரும் இளையோருக்கான வரலாற்றுச் சாகசக் கதைகளும்

வரலாற்றுச் சாகசக் கதை என்பது கடந்த காலத்தின் உண்மையான சூழல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குள் பயணம், ஒற்று, முற்றுகை, தப்பித்தல், போர் ஆகியவற்றைப் புனைந்து சொல்லும் கதைவகை. 10 முதல் 16 வயது வரையிலான வாசகர்களை இது எளிதில் ஈர்க்கும். தமிழில் இவ்வகைக் கதைகள் பெரும்பாலும் சோழர், பல்லவர், பாண்டியர் தலைநகரங்களைக் களமாகக் கொண்டவை. சங்க காலத்தில் தகடூர் எனப்பட்ட இன்றைய தருமபுரிப் பகுதியில் ஒரு பெரும் முற்றுகைப் போரும், அதைப் பாடிய பாடல்களும், ஊர்ப்புறங்களில் நிற்கும் நடுகற்களும் உண்டு. ஆயினும் இந்நிலம் இளையோர் கதைகளில் பெரிய இடம் பெறவில்லை. தமிழ் வரலாற்றுச் சாகசக் கதைகளின் பலங்களையும் குறைகளையும் தகடூரை அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பின்னணி

தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படுவது, திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளை எழுதி 1895இல் வெளிவந்த ‘மோகனாங்கி’. எனினும் இவ்வகையை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. அவருடைய ‘பார்த்திபன் கனவு’ 1941 முதல் 1943 வரையிலும், ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரையிலும், ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரையிலும் கல்கி இதழில் தொடர்களாக வந்தன. அவரைத் தொடர்ந்து சாண்டில்யன், அகிலன், ஜெகசிற்பியன், விக்கிரமன், நா. பார்த்தசாரதி முதலியோர் எழுதினர். அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

இவை எவையும் சிறுவர்களுக்கென எழுதப்பட்டவை அல்ல. வார இதழ்களில் பெரியவர்களுக்காக வந்த தொடர்கள் இவை. வீட்டில் பெரியவர்கள் படித்து முடித்ததும் அதே இதழைப் பிள்ளைகள் எடுத்துப் படித்தனர். கிழித்துச் சேர்த்துக் கட்டிய தொடர்கதைத் தொகுதிகள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறின. ஆகவே தமிழ் இளையோருக்குக் கிடைத்த வரலாற்றுச் சாகசம் இரவல் வாங்கிய சாகசம் எனலாம்.

சிறுவர்களுக்கென்றே வந்த இதழ்கள் வேறு பாதையில் சென்றன. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா மாயமும் மந்திரமும் கலந்த ராஜா ராணிக் கதைகளைத் தந்தது. அக்கதைகளில் அரசர்கள் உண்டு, ஆண்டுகள் இல்லை. கலைமகள் நிறுவனத்தின் ‘கண்ணன்’ இதழும், 1972இல் தொடங்கிய ‘கோகுலம்’ இதழும், 1980களில் வாண்டுமாமா ஆசிரியராக இருந்து நடத்திய ‘பூந்தளிர்’ இதழும் அறிவியல், துப்பறிதல், காட்டுச் சாகசம் எனப் பலவற்றை வளர்த்தன. கௌசிகன் என்ற பெயரில் பெரியவர்களுக்கும் எழுதிய வாண்டுமாமா (1925–2014), சிறுவர்களுக்கான விறுவிறுப்பான உரைநடைக்கு முன்மாதிரியாக விளங்கியவர். எனினும் ஆண்டும் ஊரும் ஆதாரமும் உள்ள ஒரு வரலாற்றுச் சூழலை எடுத்து, அதைச் சிறுவர் கண்ணால் பார்க்கும் நாவல் தமிழில் தனி மரபாக வளரவில்லை.

பிற மொழிகளில்

ஆங்கிலத்தில் இம்மரபு இளையோர் இதழ்களிலேயே பிறந்தது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ 1881–82இல் சிறுவர் இதழொன்றில் தொடராக வந்து, 1883இல் நூலாயிற்று. அதே இதழில் வந்து 1886இல் நூலான ‘கிட்நாப்ட்’ இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. 1751ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் நிகழும் கதை அது. அரசுக்கு விசுவாசமான இளைஞன் டேவிட் பால்ஃபரும், அதே அரசுக்கு எதிராகக் கிளர்ந்த அணியைச் சேர்ந்த ஆலன் பிரெக்கும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு மலைகளைக் கடக்கிறார்கள். எதிரெதிர் அரசியல் கொண்ட இருவர் நண்பர்களாவதில்தான் அக்கதையின் சுவை இருக்கிறது.

1934இல் ஜெஃப்ரி ட்ரீஸ், ராபின் ஹுட் கதையை ஓர் ஏழைச் சிறுவனின் பார்வையில் எழுதினார். பிரபுக்களின் வீரத்தையே பாடிவந்த சிறுவர் நூல்களுக்கு அது ஒரு மறுப்பாக அமைந்தது. 1954இல் ரோஸ்மேரி சட்கிளிஃப் எழுதிய ‘தி ஈகிள் ஆஃப் த நைன்த்’ நாவலில், ரோமானிய வீரன் ஒருவனும் அவனிடம் அடிமையாக இருந்த பிரித்தானிய இளைஞனும் சேர்ந்து வடக்கே பயணம் செய்கிறார்கள். வென்றவனும் தோற்றவனும் ஒரே பாதையில் நடக்கும்போது, வரலாறு இரு பக்கமும் உள்ளது என்பதை இளம் வாசகர் யாரும் சொல்லாமலே உணர்கிறார்.

கல்கியின் பலம்

தமிழில் இந்த நுட்பம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. அவன் அரசனும் அல்லன், பட்டத்துக்கு உரியவனும் அல்லன். நாடிழந்த குலத்தில் பிறந்து, ஓலை கொண்டு செல்லும் வேலையைப் பெற்றவன். அவசரக்காரன், வாய்த்துடுக்கு உள்ளவன், அடிக்கடி மாட்டிக்கொள்பவன். 14 வயது வாசகர் தம்மை அவனிடத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இதுவே காரணம். படகோட்டும் பூங்குழலி, பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதன், ‘பார்த்திபன் கனவு’ நாவலின் ஓடக்காரன் பொன்னன், அவன் மனைவி வள்ளி ஆகியோர் அரண்மனைக்கு வெளியே உள்ள உலகைக் கதைக்குள் கொண்டுவருகிறார்கள்.

கல்கியின் இன்னொரு பலம், பகைவரை வெறும் தீயவராக விட்டுவிடாமை. பெரிய பழுவேட்டரையர் முதலில் அச்சமூட்டுபவராக வந்து, முடிவில் இரங்கத்தக்கவராக நிற்கிறார். ஆதித்த கரிகாலன் கொலையை யார் செய்தது என்பதில் வாசகரை உறுதியின்மையிலேயே விடும் துணிவும் அவருக்கு இருந்தது. நூலின் முடிவுரையில், பாத்திரங்களுக்குப் பின்னர் நேர்ந்தவற்றை வரலாற்றோடு இணைத்துப் பேசுகிறார். கதையை முடித்துவிட்டு வரலாற்றின் பக்கம் வாசகரைத் திருப்பிவிடும் இந்த நாணயம் பின்வந்த பலரிடம் இல்லை.

பின்வந்தவர்களிடம் எஞ்சியவை பெரும்பாலும் கல்கியின் வெளி அடையாளங்கள்தாம்: சுரங்கப் பாதை, மாறுவேடம், நள்ளிரவு ஆலோசனை, இளவரசியின் புன்னகை, அத்தியாய முடிவில் ஓர் அலறல். பெண்கள் வருணனைப் பொருளாயினர். உரையாடல் யாரும் எக்காலத்திலும் பேசியிராத ஓர் அரண்மனைத் தமிழாக இறுகியது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தின் இரு பாகங்கள் வந்தபின் இளையோரிடம் சோழர் ஆர்வம் மீண்டும் பெருகியது. அந்த ஆர்வம் நல்லது. ஆனால் தமிழக வரலாறு என்றாலே தஞ்சை என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்து வளர்கிறது.

தகடூர்: ஆதாரங்கள்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஔவையார் அவனைப் பற்றிப் பாடிய பல பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அவன் பள்ளி ஒன்றைக் கொடையளித்ததைக் கூறுகிறது. அசோகரின் கல்வெட்டுகளில் சேர, சோழ, பாண்டியருடன் குறிக்கப்படும் ‘சத்தியபுத்திரர்’ யார் என்ற நெடுநாள் வினாவுக்கு இக்கல்வெட்டு விடை தந்ததாக அறிஞர்கள் கொள்கின்றனர்.

தகடூரை முற்றுகையிட்டு வென்றவன் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. ‘தகடூர் எறிந்த’ என்ற அடைமொழியே அவனுக்கு நிலைத்தது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவன் மீது அரிசில்கிழார் பாடியது. இப்போரைப் பொருளாகக் கொண்ட ‘தகடூர் யாத்திரை’ என்னும் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் பாடல்கள் சில புறத்திரட்டு என்னும் தொகுப்பு நூலிலும், தொல்காப்பிய உரைகளில் மேற்கோள்களாகவும் எஞ்சியுள்ளன. தமிழில் ஒரு போரையே மையமாகக் கொண்டு எழுந்த பழைய இலக்கியம் ஒன்று இப்படித் துண்டுகளாக நிற்பது புனைகதையாளருக்கு ஓர் அழைப்பு. இடைவெளிகள் உள்ள இடத்தில்தான் கற்பனைக்கு வேலை இருக்கிறது.

வில்லன் இல்லாத போர்

சாகசக் கதைக்கு ஒரு தீயவன் வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. தகடூர்ப் போரின் ஆதாரங்களைப் படிப்பவர் அப்படி ஒருவனை அங்கே காண முடியாது.

முதலாவதாக, படையெடுத்து வந்த சேரன் கொடியவன் அல்லன். மோசிகீரனார் என்ற புலவர் களைப்பில் முரசு கட்டிலில் அறியாமல் படுத்து உறங்கியபோது, தண்டிக்க வேண்டிய அரசன் தண்டிக்காமல் அவருக்கு விசிறி வீசிய நிகழ்ச்சியைத் தமிழகம் முழுவதும் அறியும். புறநானூற்றின் 50ஆம் பாடல் அதைச் சொல்கிறது. அந்த அரசன் இதே தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறைதான். பள்ளியில் அவனுக்காக நெகிழும் மாணவர், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனுக்காகவும் நெகிழ்கிறார். இருவரும் ஒருவரோடொருவர் போரிட்டவர்கள் என்பதைப் பெரும்பாலான சிறுவர் நூல்கள் இணைத்துச் சொல்வதில்லை.

இரண்டாவதாக, அதியமானும் வெறும் தற்காப்பு வீரன் அல்லன். மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரை அவன் தாக்கி வென்றதை ஔவையாரே பாடுகிறார். காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அந்தக் காரி கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான். ஓரியும் ஒரு வள்ளல். ஆக, கொடைக்குப் பெயர்பெற்ற எழுவரில் மூவர் இப்போர்களில் வென்றவராகவும் தோற்றவராகவும் வருகின்றனர். கோவலூர்ப் போரின் தொடர்ச்சியாகவே தகடூர் முற்றுகை வந்தது என ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துவர். ‘நல்லவர்கள் ஏன் போரிடுகிறார்கள்?’ என்ற கேள்வியை 12 வயதுப் பிள்ளையிடம் எழுப்ப இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

மூன்றாவதாக, வென்றவனைப் பாடிய புலவரே தோற்றவனுக்காக அழுதிருக்கிறார். எட்டாம் பத்துப் பாடிய அரிசில்கிழார், தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினியைப் பற்றிப் பாடியது புறநானூற்றின் 230ஆம் பாடல். அவன் காவலில் கன்றுகளோடு மாடுகள் காட்டில் அஞ்சாமல் கிடந்ததையும், களத்து நெல் காவலின்றிக் கிடந்ததையும் சொல்லி, அவன் உயிரைக் கொண்ட கூற்றுவனை விதைநெல்லைத் தின்றுவிட்ட ஏழை உழவனுக்கு ஒப்பிடுகிறார். வெற்றிப் பாட்டும் ஒப்பாரியும் ஒரே வாயிலிருந்து வந்த நிகழ்வு இது. புனைவாக எழுதினால் நம்ப மறுப்பார்கள். ஆனால் ஆதாரம் இருக்கிறது.

ஔவையார் என்னும் பாத்திரம்

தமிழ்ப் பிள்ளைகள் மனத்தில் ஔவையார் என்றால் கோலூன்றிய மூதாட்டி. 1953இல் ஜெமினி நிறுவனம் எடுத்து, கே. பி. சுந்தராம்பாள் நடித்த ‘ஔவையார்’ திரைப்படம் இவ்வுருவத்தை உறுதிப்படுத்தியது. ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவையாரும் சங்க கால ஔவையாரும் வெவ்வேறு காலத்தவர். புறநானூற்றுப் பாடல் ஒன்றில் பகை மன்னன் அவரை மையுண்ட கண்களும் ஒளிபொருந்திய நெற்றியும் கொண்ட விறலியாக விளிக்கிறான். யாழும் முழவும் சுமந்து காடும் மலையும் கடந்து ஊர் ஊராகச் சென்ற பாணர் கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய பெண் அவர்.

அவர் தொண்டைமானிடம் தூது சென்ற நிகழ்ச்சி ஒரு முழுச் சாகச நாவலுக்குப் போதுமானது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிகுந்த மனையில் அவை பத்திரமாக இருக்கின்றன. ஔவையாரோ, தம் அரசனின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போல் இகழ்ந்து, இகழ்வது போல் புகழ்ந்து, ஒரு போரைச் சொல்லால் தடுக்க முயலும் இடம் அது. வாளெடுக்காத வீரம் ஒன்று உண்டு என்பதைச் சாகசக் கதை காட்ட விரும்பினால் இக்காட்சி போதும். பெண் என்றால் காப்பாற்றப்பட வேண்டிய இளவரசி, அல்லது பழிவாங்கும் நாகம் என்ற இரண்டு வார்ப்புகளிலிருந்தும் இது கதையை விடுவிக்கிறது.

நெல்லிக்கனி நிகழ்ச்சியும் அப்படியே. பிற்காலக் கதைகள் அதில் காவல் பூதங்களையும் முனிவர்களையும் சேர்த்துக்கொண்டன. பாடலில் இருப்பது எளிமையானது: ஏறுதற்கரிய மலைப்பிளவில் பறித்த கனி, அதன் பயனை வெளியே சொல்லாமல் தன்னுள் அடக்கிக்கொண்டு கொடுத்த ஒருவன். சிறுவர் நூல்கள் கனியின் மாயத்தைப் பெரிதாக்குகின்றன. பாடலோ அவன் சொல்லாமல் இருந்ததைப் பெரிதாக்குகிறது. தின்ற பின்னரே ஔவைக்கு உண்மை தெரிகிறது என்பதில் உள்ள திருப்பத்துக்கு எந்தப் பூதமும் ஈடாகாது.

புறநானூற்றின் 94ஆம் பாடலில் வேறொரு காட்சி உண்டு. ஊர்ச் சிறுவர்கள் நீர்த்துறையில் படிந்திருக்கும் யானையின் தந்தங்களைக் கழுவுகிறார்கள். யானை அமைதியாகக் கிடக்கிறது. அதியமான் தம்மவர்க்கு அந்த யானை போன்றவன், பகைவர்க்கு மதம் கொண்ட யானை போன்றவன் என்பது கருத்து. இங்கே சிறுவர்கள் உவமைக்குள் வந்துவிட்டார்கள். அந்தச் சிறுவர்களில் ஒருவனைக் கதைநாயகனாக்கி முற்றுகையைப் பார்க்கவைக்க ஓர் எழுத்தாளர் போதும்.

எழுதப்பட்டவை

அதியமான் வரலாற்றை இளையோரும் படிக்கத்தக்க எளிய உரைநடையில் தந்த நூல்களுள் கி. வா. ஜகந்நாதனின் ‘அதிகமான் நெடுமான் அஞ்சி’ குறிப்பிடத்தக்கது. சிதறிக் கிடக்கும் சங்கப் பாடல்களைக் கோத்து ஒரு தொடர்ச்சியான வாழ்க்கைக் கதையாக அவர் ஆக்கினார். பாடலை விட்டு அதிகம் விலகாத நேர்மை அதன் சிறப்பு. பாடலின் பொருளை விளக்குவதே அதன் முதல் நோக்கமாக இருப்பதால், சாகசக் கதையைவிட விளக்க நூலுக்கே அது நெருக்கமாக நிற்கிறது. வாசகர் அதியமானை மதிக்கிறார், ஆனால் கோட்டைக்குள் அவனுடன் பசித்திருப்பதில்லை.

அண்மைக்காலச் சிறுவர் இலக்கியத்தில் நம்பிக்கையூட்டும் மாற்றங்கள் தெரிகின்றன. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாகக் கொண்ட இளையோர் நாவல். அது 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றது. அரண்மனையைத் தேடாமல், அகழாய்வில் கிடைத்த எளிய பொருள்களிலிருந்து அன்றாட மக்களின் பழங்காலத்தை அடைய முயலும் வழியை இது திறந்துள்ளது. வைகைக் கரைக்குச் செய்தது தென்பெண்ணைக் கரைக்கும் செய்யத்தக்கதே. பழைய தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் சுமார் 4200 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. முதன்முதலில் இரும்பு உருக்கியவரின் வீட்டுப் பிள்ளை எப்படி வாழ்ந்திருக்கும் என்பது எந்தச் சோழ இளவரசனின் கதைக்கும் குறையாத ஆர்வத்தைத் தரும்.

நடுகற்கள் சொல்லும் கதைகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் நடுகற்களுக்குப் பெயர்பெற்றவை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களிலும் இவை பரவியுள்ளன. தருமபுரியில் உள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்தில் பல நடுகற்களைக் காணலாம். ஊர்களில் சில கற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபடப்படுகின்றன. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட பழைய கற்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் பேசும்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னார் ஆநிரை கவர்ந்தபோது, இன்னாருடைய சேவகன் இன்னான் மீட்டுப் பட்டான். புலியோடு போரிட்டு இறந்தவர்களுக்கும் கற்கள் உண்டு.

சில வரிகளில் நாள், இடம், ஆபத்து, செயல், முடிவு அனைத்தும் அடங்கிவிடுகின்றன. இதுவே சாகசக் கதையின் எலும்புக்கூடு. செங்கம் அருகே எடுத்தனூரில் உள்ள, மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, மாடு மீட்கும் சண்டையில் பட்ட வீரனோடு அவனுடைய நாயையும் காட்டுகிறது. கோவிவன் என்ற பெயருடைய அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்ததைக் கல்வெட்டு பதிவு செய்கிறது. 1300 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது. சிறுவர் எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய கொடை வேறென்ன வேண்டும்? இருந்தும் அரசனின் குதிரைக்குக் கிடைத்த பக்கங்களில் சிறிதளவும் இந்த நாய்க்குக் கிடைக்கவில்லை.

நடுகல் வீரர் எவரும் பேரரசர் அல்லர். மாடு மேய்த்தவர், ஊர்க்காவல் செய்தவர், சிற்றூர்த் தலைவரின் ஆட்கள். கதையை அரண்மனையிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு இறக்கும் ஆற்றல் இக்கற்களுக்கு உண்டு. அவர்கள் மீட்ட மாடுகள் யாருடையவை, கவர்ந்தவர் ஏன் கவர்ந்தனர் என்ற கேள்விகளும் உடன் வரும். பஞ்சத்தில் மாடு கவர்ந்தவனின் மகனும், அதை மீட்கச் சென்று இறந்தவனின் மகளும் சந்திக்கும் கதை தமிழில் இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

பிற்காலத்திலும் களங்கள் உண்டு. பாராமகால் எனப்பட்ட இப்பகுதி ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலப் போர்களைக் கண்டது. 1792 ஶ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்றது. அலெக்ஸாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரியை வகுத்தனர். மலைக்கோட்டைகள், காட்டுப் பாதைகள், ஒகேனக்கல் பரிசல் துறை, ஆட்சி மாறும் நாளில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாத குடும்பங்கள் என ‘கிட்நாப்ட்’ போன்ற ஒரு கதைக்கு வேண்டிய அனைத்தும் இங்கு உள்ளன.

குறைகளும் எச்சரிக்கைகளும்

இவ்வகைக் கதைகள் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் முதன்மையானது பழம்பெருமை. இது வெறும் இலக்கியக் குறை அன்று. சங்க கால மன்னர்களையும் வள்ளல்களையும் இன்றைய சாதிகள் ‘எங்களவர்’ என்று உரிமை கொண்டாடும் காலத்தில், பகைவனை இழிந்தவனாகவும் தன் குலத்தை உயர்ந்ததாகவும் காட்டும் சாகசக் கதை, பிள்ளைகள் மனத்தில் விதைப்பது வரலாற்று ஆர்வமாக இருக்காது. நடுகல்லுக்கும் இதே ஆபத்து உண்டு. ஒரு கல்லைக் கண்டதும் ‘எந்தச் சாதி வீரன்?’ என்று கேட்கப் பழகிய சமூகத்தில், ‘யாருக்காக உயிர் கொடுத்தான்?’ என்று கேட்கப் பழக்குவது கதையின் கடமை. மேலே கண்டபடி தகடூர்ப் போரின் மூலப் பாடல்களே இப்பெருமைக்கு மாற்று மருந்தைத் தம்முள் வைத்துள்ளன. அவற்றைப் படிக்காமல் எழுதுவதால்தான் கேடு வருகிறது.

இரண்டாவது குறை, காலப்பிழை. சங்க கால விருந்தில் மிளகாயும் தக்காளியும் வருவதும், புலவர் உருளைக்கிழங்கு தின்பதும் சிறிய பிழைகள் போலத் தோன்றும. இவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னருமே இங்கு வந்த பயிர்கள். அன்றைய சமையலின் காரம் மிளகு. தினையும் வரகும் சாமையும் இந்நிலத்தின் உணவு. இத்தகைய விவரங்கள் சரியாக இருக்கும்போது கதை சுமையாவதில்லை. மாறாக, ‘அப்போது மிளகாய் இல்லையா?’ என்று வியக்கும் பிள்ளை வரலாற்றுக்குள் தானே நுழைந்துவிடுகிறது.

மூன்றாவது, உண்மைக்கும் புனைவுக்கும் இடையே கோடு போடாமை. கதைக்குள் அக்கோட்டைப் போட வேண்டியதில்லை. நூலின் இறுதியில் இரண்டு பக்கம் ஒதுக்கி, எது பாடலில் உள்ளது, எது கல்வெட்டில் உள்ளது, எது ஆசிரியர் கற்பனை என்று சொன்னால் போதும். பெரியவர்களுக்கு எழுதிய கல்கி அதைச் செய்தார். சிறுவர்களுக்கு எழுதுவோர் செய்யாமலிருப்பதற்குக் காரணம் இல்லை.

எதிர்வாதமும் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு நல்லவன், கெட்டவன் என்ற தெளிவு வேண்டும், இரு பக்க நியாயங்களைச் சொன்னால் கதையின் வேகம் குறையும் என்பது அது. மிகச் சிறிய குழந்தைகளைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கலாம். ஆனால் 12 வயதைத் தாண்டியவர்கள் பழுவேட்டரையருக்காக இரங்கியிருக்கிறார்கள். ‘கிட்நாப்ட்’ கதையை 140 ஆண்டுகளாகப் படித்துவருகிறார்கள். விளையாட்டில் எதிரணியில் நிற்பவன் வகுப்பில் தன் பக்கத்தில் உட்காருபவன் என்பது அவர்களுடைய அன்றாட அனுபவம். அவர்களால் தாங்க முடியாதது சிக்கல் அல்ல, சலிப்பு. வேகம் குறைவது நடையின் குறை, நியாயத்தின் குறை அன்று.

மதிப்பீடு

தமிழில் வரலாற்றுச் சாகசக் கதை வாசிப்புப் பழக்கத்தை வளர்த்ததில் பெரும் பங்கு ஆற்றியுள்ளது. ஆயிரம் பக்க நூலை அஞ்சாமல் எடுக்கும் துணிவைப் பலருக்கு முதலில் தந்தது கல்கிதான். அதே வேளையில், அது இளையோரை நோக்கித் திரும்பி அவர்கள் வயதில், அவர்கள் ஊரில், அவர்கள் மொழியில் கதை சொல்லவில்லை. தருமபுரி மாவட்டத்தின் ஒரு பிள்ளை பழையாறை அரண்மனையின் சுரங்க வழியை அறிந்திருந்து, தான் பள்ளிக்குச் செல்லும் வழியில் நிற்கும் வேடியப்பன் கல்லில் எழுத்து இருப்பதை அறியாமல் இருப்பது அந்தப் பிள்ளையின் தவறு அன்று.

அதியமான்கோட்டையில் அதியமானுக்கும் ஔவையாருக்கும் கோட்டம் இருக்கிறது. சிலைகள் நினைவூட்டும். ஆனால் முற்றுகைக்கு உள்ளே இருந்த மக்கள் என்ன உண்டார்கள், வெளியே நின்ற சேர வீரன் தன் வீட்டை நினைத்தானா, இரு பக்கமும் பாடிய புலவர் இரவில் எந்தப் பாசறையில் உறங்கினார் என்பவற்றைச் சிலைகள் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியது கதை ஒன்றே. அத்தகைய கதைக்கு வேண்டிய மூலப்பொருள் புறநானூற்றிலும் பதிற்றுப்பத்திலும் கற்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்து எழுத முனைவோருக்குத் தேவைப்படுவன, பாடல்களை மூலத்தில் படிக்கும் பொறுமையும், நடுகல் நிற்கும் இடத்துக்கு நேரில் சென்று பார்க்கும் கால்களும், தோற்றவரிடமும் நியாயம் இருக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லும் துணிவும் ஆகும்.